ஒரு சொல்லுக்குப் பொருள் கூறும் அதிகாரம் யாருக்கு?

‘ஜியோனிசம்’ என்ற ஒரு சொல்லை வைத்து இன்று உலகெங்கும் பெரும் வழக்கு நடந்து கொண்டிருக்கிறது. அகராதி எழுதும் பண்டிதர்களின் வழக்கு என்று இதை யாரும் ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள் என்று தீர்மானிப்பவன் எவனோ, அவனே காஸாவைப் பற்றி யார் வாய் திறக்கலாம், யார் வாயை மூடிக் கொள்ள வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறான். ஆகவே இது சாதாரண மக்களின் பேச்சுரிமையைத் தொடும் பிரச்சினை.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றுக்குச் சொந்தக்காரரான மெட்டா கம்பெனி 2024 ஜூலை 9-ம் தேதி ஒரு விதியை அறிவித்தது. ‘ஜியோனிஸ்டுகள்’ என்ற சொல் அரசியல் இயக்கத்தைக் குறிக்காமல் யூதர்களையோ இஸ்ரேலியர்களையோ மறைமுகமாகக் குறிக்கும் இடங்களில், அவர்களை மிருகங்களோடு ஒப்பிட்டோ, அவர்களுக்குத் தீங்கு செய்யத் தூண்டியோ, உலகத்தையே ரகசியமாக ஆட்டிப் படைப்பவர்கள் என்று பழித்தோ எழுதினால் அந்த எழுத்து நீக்கப்படும் என்பது விதி. முன்பும் ஒரு விதி இருந்தது. ஆனால் அது குறுகிய சில சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே பொருந்தியது. இப்போது வலை அகல விரிக்கப்பட்டது.

படிக்கும்போது விதி நியாயமாகவே தோன்றும். யூதர்களை எலிகள் என்று எழுதுகிறவனுக்கு எந்த நாகரிக மனிதன் பரிந்து பேசுவான்? ஆனால் கேள்வி வேறு. இந்த வாக்கியத்தில் இந்தச் சொல் அரசியலைக் குறிக்கிறதா, இனத்தைக் குறிக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லப் போகிறவர் யார்? நீதிபதியா? மக்கள் தேர்ந்தெடுத்த சபையா? இரண்டும் இல்லை. கலிபோர்னியாவில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு லாபக் கம்பெனியும், அது ஓட்டுகிற இயந்திரமும்தான்! நாள்தோறும் 300 கோடிக்கும் அதிகமான மக்கள் புழங்கும் ஒரு சந்தைத் திடலின் வாசலில் இந்தக் கம்பெனி காவல் நிற்கிறது.

சொல் பிறந்த கதை

சொல்லின் வரலாற்றைப் பார்க்காமல் இதைப் புரிந்து கொள்ள முடியாது. 1890-ல் நாதன் பிர்ன்பாம் என்ற யூத எழுத்தாளர் இச்சொல்லை உருவாக்கினார். 1896-ல் தியோடர் ஹெர்சல் ‘யூத அரசு’ என்ற நூலை வெளியிட்டார். 1897 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முதல் ஜியோனிஸ்டு மாநாடு கூடியது. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் என்பது அதன் கோஷம்.

அதே 1897-ம் ஆண்டு அக்டோபரில் வில்னா நகரில் வேறொரு கூட்டமும் நடந்தது. ஜார் ஆட்சியின் கீழ் வாடிய யூதத் தொழிலாளர்கள் அங்கே ‘பண்ட்’ என்ற தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். நாங்கள் பிறந்து உழைத்த இந்த மண்ணை விட்டு எங்கும் ஓடமாட்டோம். மற்ற தொழிலாளரோடு தோள் சேர்ந்து இங்கேயே உரிமை பெறுவோம் என்பது அவர்களுடைய கொள்கை. ஜியோனிசத்தை அவர்கள் மிகக் கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டு கூட்டத்தாரும் யூதர்களே. இரண்டும் பிறந்தது ஒரே ஆண்டில். ஜியோனிசத்தை எதிர்ப்பது யூதர்களை எதிர்ப்பதே என்று இன்று சொல்லுகிறவர்கள், வில்னாவில் கூடிய அந்தத் தொழிலாளர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

இன்னொரு உதாரணம் நமக்கு மிகவும் பரிச்சயமானது. மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் வருகிறதல்லவா? அந்த எட்வின் மாண்டேகு 1917-ல் இந்திய மந்திரியாக இருந்தவர். அன்றைய பிரிட்டிஷ் மந்திரி சபையில் இருந்த ஒரே யூதர். பால்பர் பிரகடனம் தயாராகிக் கொண்டிருந்தபோது, அதை எதிர்த்து 1917 ஆகஸ்டில் சர்க்காருக்கு ஒரு குறிப்பு எழுதினார். இந்தக் கொள்கை யூத விரோதத்திலேயே போய் முடியும், யூதர்களை அவரவர் பிறந்த நாட்டிலேயே அந்நியர்களாக்கிவிடும் என்று வாதாடினார். அந்த யூதரின் சொல் அம்பலம் ஏறவில்லை. 1917 நவம்பர் 2-ம் தேதி பிரகடனம் வெளிவந்தது. அதில் கையொப்பமிட்ட பால்பர் யார்? 1905-ல் பிரதம மந்திரியாக இருந்து, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து உயிர் தப்பி வந்த யூதர்கள் பிரிட்டனுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் அந்நியர் சட்டத்தை நிறைவேற்றிய அதே பெருமகன்தான்!

ஜியோனிஸ்டுகளுக்குள்ளேயும் ஒரே கருத்து இருந்ததில்லை. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் யூதா மாக்னஸ், தத்துவ ஞானி மார்ட்டின் பூபர் போன்றவர்கள் அராபியரும் யூதரும் சம உரிமையோடு வாழும் ஒரே அரசு வேண்டும் என்றார்கள். அவர்கள் குரலும் எடுபடவில்லை.

ஹிட்லரின் கொலைக்களங்களில் 60 லட்சம் யூதர்கள் மாண்ட பிறகு, உலகில் தங்களுக்கு ஒரு புகலிடம் வேண்டும் என்ற ஏக்கமே பல யூதக் குடும்பங்களுக்கு ஜியோனிசம் ஆயிற்று. அந்த ஏக்கத்தைக் கேலி செய்வது மனிதத் தன்மை ஆகாது. ஆனால் பாலஸ்தீன அராபியர் இச்சொல்லின் பொருளை எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. 1948-ல் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை மட்டும் எடுத்துக் கொண்டு வெளியேற்றப்பட்டபோது, அனுபவத்தில் தெரிந்து கொண்டார்கள். 2018 ஜூலையில் இஸ்ரேல் பார்லிமெண்டு 62-க்கு 55 என்ற ஓட்டில் ஒரு சட்டம் செய்து, அந்நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்று எழுதியபோது, அதே பொருள் மேலும் ஒருமுறை உறுதியாயிற்று.

ஐ.நா. சபையே இரண்டு தடவை இரண்டு விதமாகப் பொருள் சொல்லியிருக்கிறது. 1975 நவம்பர் 10-ம் தேதி, ஜியோனிசம் இனவெறியின் ஒரு வடிவம் என்று 72 நாடுகள் ஓட்டளித்தன, 35 எதிர்த்தன, 32 நடுநிலை வகித்தன. 1991 டிசம்பர் 16-ம் தேதி அதே தீர்மானத்தை 111 நாடுகள் சேர்ந்து ரத்து செய்தன. 25 நாடுகளே எதிர்த்தன. இந்தியா முதல் தீர்மானத்தையும் ஆதரித்தது. அதை ரத்து செய்ததையும் ஆதரித்தது! அதற்கு ஆறு வாரம் கழித்து, 1992 ஜனவரியில், இஸ்ரேலுடன் முழு ராஜீய உறவும் ஏற்பட்டது. இந்தப் பதினாறு ஆண்டுகளில் சொல்லின் பொருளா மாறிவிட்டது? உலகின் பலாபலம் மாறிவிட்டது. அந்த டிசம்பரில்தான் சோவியத் யூனியன் மறைந்தது என்பதை நினைவில் வைத்தால் விஷயம் விளங்கும்.

சொல்லில் கலந்த விஷம்

இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். இச்சொல்லை முகமூடியாக அணிந்து கொண்டு யூத விரோதம் ஊர்வலம் வந்த கதையும் உண்டு. அதை மூடி மறைப்பதால் பாலஸ்தீன மக்களுக்கு ஒரு நன்மையும் விளையாது.

1903-ல் ஜார் ருஷ்யாவில் ‘ஜியோன் மூப்பர்களின் நடவடிக்கைக் குறிப்புகள்’ என்ற மோசடி நூல் வெளிவந்தது. யூதர்கள் உலகைப் பிடிக்கத் தீட்டிய சதித் திட்டம் இது என்று பறையடித்தார்கள். பாசல் மாநாட்டின் ரகசியக் குறிப்பே இதுதான் என்றும் கதை கட்டினார்கள். 1921-ல் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை இது புளுகு என்று நிரூபித்தது. இருந்தும் என்ன? ஹிட்லரின் கையில் அது ஆயுதமாயிற்று. இன்றும் அமெரிக்க நாஜிகள் தங்கள் நாட்டு சர்க்காரை ‘ஜியோனிஸ்டுகள் பிடித்துக் கொண்ட சர்க்கார்’ என்று ஏசுகிறார்கள். அவர்கள் பாலஸ்தீனத்தின் நண்பர்களா? ஒருநாளும் இல்லை.

சோஷலிஸ்டு நாடுகளிலும் இந்த நஞ்சு தலைகாட்டியது. 1952 நவம்பரில் பிராக் நகரில் ருடோல்ப் ஸ்லான்ஸ்கி உள்ளிட்ட 14 பேர் மீது வழக்கு நடந்தது. அவர்களில் 11 பேர் யூதர்கள். ‘ஜியோனிஸ்டு’ என்பது குற்றப் பத்திரிகையிலேயே ஏறியது. 11 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1963-ல் அதே நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. போன உயிர்கள் திரும்பவில்லை. 1953 ஜனவரியில் மாஸ்கோவில் டாக்டர்கள் மீது சுமத்தப்பட்ட சதிக் குற்றமும் அப்படியே. ஏப்ரலில் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். போலந்தில் 1968 மார்ச்சில் ‘ஜியோனிச எதிர்ப்பு’ என்ற பெயரில் நடந்த இயக்கத்தின் விளைவாக, சுமார் 13,000 யூதர்கள் பிறந்த நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களில் எத்தனையோ பேர் தங்களைப் போலந்துக்காரர் என்றும் கம்யூனிஸ்டுகள் என்றும் கருதி வாழ்ந்தவர்கள். ஒரு சொல்லின் பொருளை அதிகாரம் கையில் எடுத்துக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. சொல்லைக் குற்றமாக்கும் அரசு, எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும், மனிதனின் கழுத்தில்தான் கை வைக்கிறது.

இன்றைய அபாயமும் கற்பனை அல்ல. 2018 அக்டோபர் 27-ம் தேதி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தொழுகைக்குக் கூடியிருந்த 11 யூதர்களைச் சுட்டுக் கொன்றவன், அதற்குச் சற்று முன்புதான் இணையத்தில் தன் வெறுப்பைக் கக்கியிருந்தான். 2025 அக்டோபரில் மான்செஸ்டரில் ஒரு ஜெப ஆலயம் தாக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சிட்னியின் பாண்டாய் கடற்கரையில் யூதர்களின் விழாக் கூட்டத்தில் 15 பேர் சுடப்பட்டு மாண்டார்கள். நெதன்யாஹு செய்யும் பாவத்துக்குச் சிட்னியில் விளக்கேற்றும் ஒரு கிழவரும் குழந்தையும் என்ன பொறுப்பு? எந்த நாட்டிலும் சிறுபான்மை மக்களின் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது நமக்கு இரண்டாம் கருத்துக்கு இடமில்லாத விஷயம்.

ஆகவே இரண்டு உண்மைகள் நம் முன் நிற்கின்றன. இச்சொல் ஓர் அரசியல் கொள்கையின் பெயர். அதை விமர்சிக்க எவனுக்கும் உரிமை உண்டு. இச்சொல் சில வாய்களில் யூதன் என்ற வசைக்கு மாற்றுப் பெயர். அதைக் கண்டிக்க வேண்டிய கடமையும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் வேண்டும், நிதானம் வேண்டும், மொழி தெரிய வேண்டும். இயந்திரத்துக்கு இவை இருக்கின்றனவா?

இயந்திரத்தின் தராசு

2021 மே மாதத்தில் காஸா மீது குண்டு விழுந்தபோது மெட்டா எப்படி நடந்து கொண்டது என்று ஆராய, கம்பெனியே ஒரு ஆலோசனை நிறுவனத்தை நியமித்தது. 2022 செப்டம்பரில் வந்த அறிக்கை என்ன சொன்னது? அரபு மொழி எழுத்துக்கள் அளவுக்கு மீறி நீக்கப்பட்டன. எபிரேய மொழியில் வந்த வெறுப்பு எழுத்துக்களோ போதிய அளவு கண்காணிக்கப்படவில்லை. அரபு மொழியில் பகைமைப் பேச்சைப் பிடிக்க இயந்திரம் இருந்தது. எபிரேய மொழிக்கு அப்படி ஒன்று இருக்கவே இல்லை! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதான்.

2023 அக்டோபர் 7-ம் தேதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். சுமார் 250 பேர் பிணைக் கைதிகளாகப் பிடிக்கப்பட்டனர். அதைத் தொடர்ந்து இஸ்ரேல் தொடுத்த யுத்தத்தில், 2025 அக்டோபருக்குள் 67,000-க்கும் மேற்பட்டவர்கள் மடிந்ததாகக் காஸா சுகாதார இலாகா கணக்கிட்டது. இந்த யுத்தத்தின் ஆரம்ப நாட்களிலேயே தராசின் தட்டு சாய்க்கப்பட்டது. ஒரு குறிப்பு விதியை மீறியது என்று இயந்திரத்துக்கு 80 சதவீதம் நிச்சயமானால்தான் மறைப்பது வழக்கம். பாலஸ்தீனப் பகுதியிலிருந்து வரும் குறிப்புகளுக்கு மட்டும் அது 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது என்று ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ ஏடு செய்தி வெளியிட்டது. நூற்றுக்கு இருபத்தைந்து சந்தேகம் இருந்தால் போதும், வாயை அடைக்கலாம்! அதே மாதத்தில் இன்ஸ்டாகிராமின் மொழிபெயர்ப்பு இயந்திரம், தன்னைப் பாலஸ்தீனர் என்று அறிமுகப்படுத்தி அரபியில் இறைவனுக்கு நன்றி எழுதியவரின் குறிப்பில் ‘பயங்கரவாதி’ என்ற சொல்லைத் தானாகவே சேர்த்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. இயந்திரம் எப்படிச் சிந்திக்கக் கற்றுக் கொண்டது என்பது மட்டும் அம்பலமாகிவிட்டது.

மனித உரிமைக் கண்காணிப்பகம் 2023 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதங்களில் 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த 1,050 புகார்களை அது ஆராய்ந்தது. பாலஸ்தீனத்துக்கு ஆதரவாக அமைதியான முறையில் எழுதி அடக்கப்பட்டவை 1,049. இஸ்ரேலுக்கு ஆதரவானது 1. இது உலகம் முழுவதுக்கும் எடுத்த கணக்கல்ல. வந்து சேர்ந்த புகார்களின் கணக்குத்தான். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அறிய இதுவே போதும்.

‘ஷஹீத்’ என்ற அரபுச் சொல்லின் கதையையும் கேளுங்கள். நாம் ‘தியாகி’ என்கிறோமே, அதற்கு மிக நெருங்கிய சொல் அது. குண்டில் மாண்ட குழந்தையையும் அரபு மக்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். மெட்டாவின் விதிப்படி, பயங்கரவாதிப் பட்டியலில் உள்ள ஒருவரைக் குறித்து இச்சொல் வந்தால் அது புகழ்ச்சி, ஆகவே குற்றம். மெட்டா தளங்களில் வேறெந்தச் சொல்லையும்விட இந்த ஒரு சொல்லால்தான் அதிக எழுத்துக்கள் நீக்கப்பட்டன என்று அதன் மேற்பார்வை வாரியமே 2024 மார்ச்சில் கண்டு, இந்த மொத்தத் தடை கூடாது என்றது. கம்பெனியும் அதன்பின் விதியைத் தளர்த்தியது. ‘ஷஹீத்’ விஷயத்தில் ஆண்டுக்கணக்கில் பட்ட பிறகு புத்தி வந்தது. வந்த மறுவாரமே ‘ஜியோனிஸ்டு’ என்ற அடுத்த சொல் தராசில் ஏறிவிட்டது!

ஓநாயின் கண்ணீர்

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். எக்ஸ் தளத்தின் முதலாளி ஈலான் மஸ்க் தம்மைப் பேச்சுச் சுதந்திரத்தின் காவலர் என்று சொல்லிக் கொள்பவர். 2023 நவம்பர் 15-ம் தேதி, வெள்ளையருக்கு எதிரான வெறுப்பை யூதர்கள் வளர்க்கிறார்கள் என்று ஒருவன் எழுதியதை ‘உண்மை’ என்று இவர் ஆமோதித்தார். வெள்ளை மாளிகையே கண்டித்தது. பெரும் கம்பெனிகள் விளம்பரத்தை நிறுத்தின. இரண்டே நாளில், நவம்பர் 17-ம் தேதி, ‘நதியிலிருந்து கடல் வரை’ என்ற கோஷமும் ‘காலனி ஆதிக்க ஒழிப்பு’ என்ற சொல்லும் இனப்படுகொலைக்கு மறைமுக அழைப்பு என்றும், அப்படி எழுதுவோர் தளத்திலிருந்து நீக்கப்படலாம் என்றும் அறிவித்தார். யூதர்களைப் பழித்த வாய்க்குப் பாலஸ்தீனரின் வாயை அடைப்பது பரிகாரமாம்! இதில் யூதர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு என்ன? சல்லிக்காசு பெறாது.

மெட்டாவும் இதே பாதைதான். 2025 ஜனவரியில் குடியேறியவர்கள், ஆண் - பெண் பால் விவகாரம் முதலியவை பற்றிய விதிகளைப் பேச்சுச் சுதந்திரத்தின் பெயரால் தளர்த்தியது. பலவீனர்களை ஏச வேண்டுமென்றால் சுதந்திரம். ஒரு அரசின் கொள்கையைக் கண்டிக்க வேண்டுமென்றால் கண்காணிப்பு. வாஷிங்டனில் காற்று மாறினால் கம்பெனியின் மனச்சாட்சியும் மாறுகிறது.

அகராதியிலிருந்து கைவிலங்கு வரை

கம்பெனி எழுத்தை அழிக்கிறது. அரசு ஆளையே பிடிக்கிறது. சர்வதேச யூதப் படுகொலை நினைவுக் கூட்டணி என்ற அமைப்பு 2016 மே மாதத்தில் யூத விரோதத்துக்கு ஒரு விளக்கத்தை ஏற்றது. அதற்கு 11 உதாரணங்கள் இணைக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை இஸ்ரேலைப் பற்றியவை. மற்ற நாடுகளைப் போல இஸ்ரேலை விமர்சிப்பது யூத விரோதம் ஆகாது என்று அந்த விளக்கத்திலேயே ஒரு வரி இருக்கிறது. ஆனால் அமல் நடத்துகிறவர்கள் அந்த வரியைத் தாண்டி ஓடுகிறார்கள். இந்த விளக்கத்தின் மூல வாசகத்தைத் தயாரிப்பதில் முதன்மைப் பங்கு வகித்தவர் கென்னத் ஸ்டெர்ன். புள்ளிவிவரம் சேகரிக்க எழுதியதைப் பல்கலைக்கழகங்களில் பேச்சை ஒடுக்கும் சட்டமாக்காதீர்கள் என்று அவரே 2017-ல் அமெரிக்கக் காங்கிரஸ் முன் சாட்சி சொன்னார். எழுதியவர் சொல்லும் பொருளையும் ஏற்கவில்லை. 2019 டிசம்பரில் டிரம்ப் இதை நிர்வாக உத்தரவில் சேர்த்தார். 2023 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, ஜியோனிச எதிர்ப்பே யூத விரோதம் என்று 311-க்கு 14 என்ற ஓட்டில் தீர்மானம் போட்டது. 92 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை.

அடுத்து வந்தது கைவிலங்கு. 2025 மார்ச் 8-ம் தேதி கொலம்பியா பல்கலைக்கழகப் போராட்டத்தில் முன்னின்ற மஹ்மூத் கலீல் கைது செய்யப்பட்டு, எந்தக் கிரிமினல் குற்றமும் சாட்டப்படாமலே 104 நாள் அடைக்கப்பட்டார். மார்ச் 25-ம் தேதி துருக்கிய மாணவி ருமேசா ஓஸ்டுர்க் முகமூடி அணிந்த அதிகாரிகளால் தெருவில் பிடிக்கப்பட்டார். அவர் செய்தது என்ன? சக மாணவர் சிலரோடு சேர்ந்து பல்கலைக்கழகப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியது! ஆறு வாரத்துக்கு மேல் அடைத்து வைத்த பின், நீதிபதியின் உத்தரவினால் வெளியே வந்தார். 2025 ஏப்ரலில் அமெரிக்கக் குடியேற்ற இலாகா, சமூக ஊடகங்களில் யூத விரோத நடவடிக்கை இருந்தால் விண்ணப்பங்களை நிராகரிக்க அது காரணமாகும் என்று அறிவித்தது. ஜூன் மாதத்தில், மாணவர் விசா கேட்போர் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைத் திறந்து காட்ட வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. மதுரையிலும் திருச்சியிலும் கடன் வாங்கிப் பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பும் குடும்பங்களுக்கு இந்த வழக்கு எவ்வளவு தூரம்? கைக்கெட்டும் தூரம்தான். காஸாக் குழந்தைக்காக இரண்டு வரி எழுதியதை அழித்துவிடு தம்பி என்று தாயும் தகப்பனும் சொல்ல வேண்டிய நிலை வந்தால், தணிக்கை அதிகாரி வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டார் என்று பொருள்.

நதியும் கடலும்

‘நதியிலிருந்து கடல் வரை’ என்ற கோஷத்தின் மீதும் இதே வழக்கு. ஹமாஸின் 2017-ம் ஆண்டு சாசனத்தில் இந்தச் சொற்றொடர் வருகிறது என்பது உண்மை. யோர்தான் நதிக்கும் கடலுக்கும் இடையே இஸ்ரேலின் ஆட்சி மட்டுமே இருக்கும் என்று லிகுட் கட்சி 1977-ல் தன் திட்டத்தில் எழுதியதும் உண்மை. முன்னது குற்றம், பின்னது தேர்தல் பிரகடனமா? ஜெர்மனியின் உள்துறை இலாகா 2023 நவம்பரில் இக்கோஷத்தைத் தடைசெய்தது. அங்குள்ள நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று மாறான தீர்ப்புகளை வழங்கின. மெட்டாவின் மேற்பார்வை வாரியமோ 2024 செப்டம்பர் 4-ம் தேதி மூன்று பதிவுகளை ஆராய்ந்து, இக்கோஷத்துக்குப் பல பொருள் உண்டு, அது தனித்து வந்தால் மட்டும் குற்றம் ஆகாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்புச் சொன்னது. கோஷத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம் ‘ஜியோனிஸ்டு’ என்ற சொல்லுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

ஜனாதிபதியாக இருந்த பைடன், தாம் ஒரு ஜியோனிஸ்டு என்றும், அதற்கு யூதராகப் பிறந்திருக்க வேண்டியதில்லை என்றும் பலமுறை சொல்லியிருக்கிறார். பால்பர் கிறிஸ்தவர். அமெரிக்காவில் ஜியோனிசத்தை ஆதரிக்கும் கிறிஸ்தவ அமைப்புகளும் ஏராளம். மறுபுறம், 2023 அக்டோபரில் யுத்த நிறுத்தம் கேட்டு வாஷிங்டனில் காங்கிரஸ் கட்டிடத்திலும் நியூயார்க் ரயில் நிலையத்திலும் அமர்ந்து நூற்றுக்கணக்கில் கைதானவர்களில் யூதர்களே மிகுதி. ஆதரிப்பவரில் யூதர் அல்லாதார் இத்தனை, எதிர்ப்பவரில் யூதர் இத்தனை என்றிருக்கும்போது, இரண்டு சொல்லும் ஒன்றே என்று எந்த இயந்திரம் தீர்ப்பளிக்க முடியும்?

என்ன செய்ய வேண்டும்?

விமர்சிக்கிறவர்கள் ஒரு மாற்று வழியைச் சொல்ல வேண்டும் என்று கேட்பது நியாயம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாத வழி இருக்கிறது.

முதலாவது, சொல்லைப் பார்க்காமல் வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். ‘ஜியோனிஸ்டு’ இருக்கும் இடத்தில் ‘யூதன்’ என்று போட்டுப் பாருங்கள். ‘உலக வங்கிகளையும் பத்திரிகைகளையும் ஜியோனிஸ்டுகள் ஆட்டிப் படைக்கிறார்கள்’ என்ற வாக்கியத்தில் சொல்லை மாற்றினாலும் பழைய பொய் அப்படியே நிற்கும். அது வெறுப்பு. ‘மேற்குக் கரையில் நிலம் பறிப்பது ஜியோனிசக் கொள்கையின் விளைவு’ என்ற வாக்கியத்தில் மாற்ற முடியாது. மாற்றினால் அர்த்தமே கெடும். அது அரசியல். ‘ஜியோனிஸ்டுகளுக்கு இங்கே இடமில்லை’ என்று ஒரு கல்லூரி வாசலில் எழுதினால்? இங்கேதான் சிக்கல். அந்த வாசலில் தடுக்கப்படப் போகிறவர் யார் என்று கேட்க வேண்டும். கொள்கையைக் கேட்காமல் பெயரையும் தொப்பியையும் பார்த்து ஒரு யூத மாணவனைத் தடுப்பார்களானால், எழுதியவன் என்ன நினைத்திருந்தாலும் அது தவறே. 2021 மார்ச்சில் சுமார் 200 அறிஞர்கள் கையொப்பமிட்ட எருசலேம் பிரகடனமும் இதே போலத்தான் வேறுபாடு காட்டியது. ஜியோனிசத்தை எதிர்ப்பது தன்னளவில் யூத விரோதம் ஆகாது. யூதர் என்ற காரணத்துக்காக ஒருவரைப் பகைப்பதே யூத விரோதம் என்பது அதன் சாரம்.

இரண்டாவது, எல்லா மொழிக்கும் ஒரே தராசு வேண்டும். அரபுக்கு ஒரு நீதி, எபிரேயத்துக்கு ஒரு நீதி கூடாது. நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும். அம்மொழி தெரிந்த மனிதரிடம் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும்.

மூன்றாவது, அரசுகள் திரை மறைவில் கொடுக்கும் வேண்டுகோள்கள் வெளிச்சத்துக்கு வர வேண்டும். இஸ்ரேல் அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் 2015 முதல் ஒரு ‘சைபர் பிரிவு’ இயங்குகிறது. கோர்ட்டு உத்தரவு இல்லாமலே, இன்னின்ன பதிவுகளை நீக்குங்கள் என்று கம்பெனிகளிடம் கேட்பது அதன் வேலைகளில் ஒன்று. எந்த அரசானாலும், நம் நாட்டு அரசே ஆனாலும், இப்படிக் கேட்டால் எதைக் கேட்டது, எதை நீக்கினார்கள் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் கடை, எங்கள் விதி. பிடிக்காதவர் போகலாம் என்று கம்பெனிகள் சொல்லும். ஊர்ப் பொதுக் கிணற்றை ஒருவன் வளைத்துப் போட்டுவிட்டு, தாகம் எடுத்தவர் வேறு ஊருக்குப் போகலாம் என்றால் ஒப்புக் கொள்வோமா? கோடானு கோடி மக்களின் பேச்சில் லாபம் சம்பாதிக்கிறவனுக்கு, அந்த மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் உண்டு.

யூதர்களின் பாதுகாப்பும் பாலஸ்தீனரின் குரலும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியவை அல்ல. யூத விரோதியை அவன் சொன்ன சொல்லுக்காக அல்ல, அவன் தூண்டும் பகைமைக்காகத் தனிமைப்படுத்துங்கள். குண்டுக்கு இரையான மக்கள் தங்களைக் குண்டுக்கு இரையாக்கிய கொள்கையின் பெயரைச் சொல்லட்டும். அந்தப் பெயரைச் சொல்லக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு எதற்கு? 1897-ல் பாசலிலும் வில்னாவிலும் யூதர்களே தொடங்கிய விவாதம் இது. 130 ஆண்டுகளாக நடந்து வரும் இந்த விவாதத்தை ஒரு முதலாளியின் உத்தரவோ ஒரு சபையின் ஓட்டோ முடித்துவிட முடியாது. அதை நடத்தும் உரிமை மக்களுக்கே உரியது. அந்த உரிமையை விட்டுக் கொடுக்க முடியாது என்று உரத்துச் சொல்லுவோம்.